1858 அட்லாண்டிக் கேபிள்: நான்கே வாரத்தில் ஊமையானது ஏன்?

1858 ஆகஸ்ட் 5 அன்று அயர்லாந்தின் வலென்ஷியா தீவிலும் நியூஃபவுண்ட்லாந்தின் டிரினிட்டி விரிகுடாவிலும் ஒரே தந்திக் கேபிளின் இரு முனைகள் கரையேறின. ஆகஸ்ட் 16-ல் விக்டோரியா அரசியின் வாழ்த்துச் செய்தி அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் புக்கானனுக்குப் புறப்பட்டது. 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. செப்டம்பர் 1-ல் நியூயார்க் நகரம் ஊர்வலமும் வாணவேடிக்கையுமாகக் கேபிளைக் கொண்டாடியது. அதே நாளில்தான் கேபிளில் பொருள் புரியும்படி செய்தி வருவது நின்றது. 3,50,000 பவுண்டு மூலதனம் கடலடியில் கிடந்தது.

மின்பொறியியல் வரலாற்றில் இந்தத் தோல்விக்குச் சொல்லப்படும் காரணம் ஒற்றை வரி: கேபிளைப் போட்ட அட்லாண்டிக் டெலிகிராஃப் நிறுவனத்தின் மின்னியல் பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் 2,000 வோல்ட் ஏற்றிக் கேபிளைக் கருக்கிவிட்டார். அவர் ஏற்றியது உண்மை. கேபிள் கெட்டதும் உண்மை. ஆனால் அந்த வோல்ட்டேஜ் வந்து சேர்ந்தபோது கேபிள் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. எவ்வளவு பழுது என்று சொல்ல அப்போது யாரிடமும் ஒரு பொது அளவுகோல் இல்லை. தவறுகள் 1856-லேயே தொடங்கிவிட்டன. அவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு பிடிபடும்.

கேபிளின் உள்ளே

நடுவில் மின்கடத்தி: 22 கேஜ் தாமிரக் கம்பி ஏழு, ஒன்றாக முறுக்கியது. விட்டம் ஏறத்தாழ 2.1 மி.மீ. ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு தாமிரம், அதாவது 48.5 கிலோ. அதன்மேல் காப்பாக மூன்று அடுக்கு கட்டா பெர்ச்சா, கடல் மைலுக்கு 261 பவுண்டு. இது மலாய் நாட்டு மரப்பால். வெந்நீரில் குழைந்து, ஆறினால் இறுகும். கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் கெடாது, வெயிலில் இளகிவிடும். இந்தப் பண்பு பின்னால் தேவைப்படும். கட்டா பெர்ச்சாவைச் சுற்றித் தார் தோய்த்த சணல். அதற்கு வெளியே கவசமாக இரும்பு இழைகள் 18, ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பி ஏழு. எல்லாம் சேர்ந்து வெளிவிட்டம் 16 மி.மீ. அளவு, எடை கடல் மைலுக்கு ஏறத்தாழ ஒரு டன்.

மொத்த நீளம் சுமார் 2,500 கடல் மைல். ஆர்டர் இரண்டாகப் பிரிக்கப்பட்டது: கிரீனிச்சில் கிளாஸ் எலியட் பாதி, பர்க்கன்ஹெட்டில் நியூவால் பாதி. கவசக் கம்பியை எந்தத் திசையில் முறுக்குவது என்று இரு தொழிற்சாலைகளும் பேசிக்கொள்ளவில்லை. ஒன்று இடப்பக்கமாகவும் மற்றது வலப்பக்கமாகவும் முறுக்கியது. இரண்டையும் நேராக இணைத்து இழுத்தால் ஒன்றின் முறுக்கை மற்றது பிரித்துவிடும். அதனால் நடுக்கடல் இணைப்புக்கென்று தனியாக ஒரு மரச்சட்டப் பிடிப்பு செய்ய வேண்டியதாயிற்று. இந்தப் பிழை கேபிளைக் கொல்லவில்லை. ஆனால் எழுத்தில் ஒரு விவரக்குறிப்பு இல்லாமலே வேலை நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

107 பவுண்டு தாமிரம் போதுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பொறியாளர் சார்லஸ் பிரைட் கேட்டது கடல் மைலுக்கு 392 பவுண்டு தாமிரம், அதே எடைக்குக் கட்டா பெர்ச்சா. திட்டத்தை முன்னெடுத்த அமெரிக்க வணிகர் சைரஸ் ஃபீல்டுக்கு 1857 கோடைக்குள் கேபிள் கடலில் இறங்க வேண்டும் என்ற அவசரம். மெல்லிய கேபிள் மலிவு, கப்பலில் ஏற்றவும் எளிது. பருத்த கடத்தி அதிக மின்னூட்டத்தை விழுங்கும், ஆகவே மெல்லியதே வேகமானது என்று வைட்ஹவுஸ் வாதிட்டார். ஃபாரடேயும் மோர்ஸும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஆர்டர் போய்விட்டது.

நீளத்தின் வர்க்கம்

கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1854-ல் கணித அறிஞர் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் கணக்கைப் போட்டு, 1855-ல் வெளியிட்டார். கடலடிக் கேபிளில் தாமிரம் ஒரு தகடு, கடல்நீர் மறு தகடு, நடுவே கட்டா பெர்ச்சா. முழு நீளமும் ஒரு மின்தேக்கி. ஒரு முனையில் மின்கலத்தை இணைத்தால் மின்னோட்டம் மறுமுனையில் உடனே எழாது. வழியெல்லாம் மின்னூட்டத்தை நிரப்பிக்கொண்டே மெல்லப் பரவும். உலோகத்தில் வெப்பம் பரவுவதற்கான ஃபூரியே சமன்பாடு அப்படியே இதற்குப் பொருந்தும். தாமதம் மொத்த மின்தடையையும் மொத்த மின்தேக்குத்திறனையும் பெருக்கிய அளவில் இருக்கும். இரண்டுமே நீளத்தோடு வளர்வதால், நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்கு.

மேலே சொன்ன அளவுகளை வைத்து இன்றைய அலகுகளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். தூய தாமிரம் என்று வைத்துக்கொண்டால் மின்தடை கடல் மைலுக்கு 11.5 ஓம். கட்டா பெர்ச்சாவின் மின்காப்பு மாறிலி 4 என்றால் மின்தேக்குத்திறன் கடல் மைலுக்கு 0.27 மைக்ரோஃபாரட். 2,000 கடல் மைலுக்கு 23,000 ஓம், 540 மைக்ரோஃபாரட். பெருக்கினால் 12.4 விநாடி. மறுமுனையில் மின்னோட்டம் தன் இறுதி அளவில் பாதியைத் தொட இதில் 0.14 மடங்கு ஆகும், அதாவது ஏறத்தாழ 1.7 விநாடி. 300 மைல் துண்டில் இதே கணக்கு 0.04 விநாடிதான் தரும். குறுகிய துண்டுகளில் சோதித்தவர்களுக்குச் சிக்கல் கண்ணில் படாததற்கு இதுவே காரணம்.

பிரைட் கேட்ட அளவுகளைப் போட்டால் மின்தடை 3.1 ஓமாக இறங்குகிறது, மின்தேக்குத்திறன் 0.38 மைக்ரோஃபாரடாக ஏறுகிறது. பெருக்கம் 4.7 விநாடி. மின்தேக்குத்திறன் கூடும் என்று வைட்ஹவுஸ் சொன்னது சரிதான். ஆனால் அது மடக்கை கணக்கில் மெல்ல ஏறுகிறது, மின்தடையோ கடத்தியின் பரப்புக்கு நேர் எதிராகச் சரிகிறது. பருமனான கேபிள் இரண்டரை மடங்கு வேகமாக இருந்திருக்கும். 1856-ல் செல்டன்ஹாமில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் வைட்ஹவுஸ் தன் சோதனைகளைக் காட்டி, வர்க்க விதி வெறும் ஏட்டுக் கற்பனை என்று மறுத்தார். அவர் பிரைட்டன் நகரத்து அறுவை மருத்துவர், கைத்திறன் மிகுந்த சோதனையாளர். அவருடைய கருவிகள் துடிப்பு வந்து சேர்ந்த கணத்தைப் பதிந்தன. அது எந்த வடிவில் எழுகிறது, எவ்வளவு நேரம் வால் நீள்கிறது என்பதைப் பதியவில்லை. அடுத்தடுத்த எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்புவது அந்த வாலால்தான்.

வோல்ட்டேஜை உயர்த்தினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையும் இந்த இடத்தில்தான் தவறுகிறது. இது நேர்கோட்டுத் தொகுதி. உள்ளே விடும் வோல்ட்டேஜ் பத்து மடங்கானால் வெளியே வரும் மின்னோட்டமும் ஒவ்வொரு கணத்திலும் பத்து மடங்கு. வடிவம் மாறாது. மந்தமான ரிலே (வரும் மின்னோட்டத்தால் இயங்கும் பெறு கருவி) சற்று முன்னதாக இயங்கும், ஆனால் வாலும் பத்து மடங்கு உயரும். எழுத்துகள் முன்பைப் போலவே கலங்கும்.

கடலில் இறங்கும் முன் பட்ட அடி

1857-ல் கிரீனிச்சில் செய்த கேபிள் திறந்தவெளியில் சுருளாகக் கிடந்தது. கோடை வெயிலில் கட்டா பெர்ச்சா இளகி, தாமிரம் தன் எடையாலேயே நடுவிலிருந்து விலகி ஓரமாக இறங்கியது. ஒரு பக்கம் காப்பு தடித்தும் மறுபக்கம் காகிதம் போல் மெலிந்தும் போனது. கண்ணுக்குப் பட்ட இடங்களை வெட்டி எடுத்தார்கள். சணலும் இரும்பும் மூடிய பிறகு மற்ற இடங்களைக் கண்ணால் காண வழியில்லை. முடிந்த கேபிளை நீர்த்தொட்டியில் மூழ்கவைத்துச் சோதித்திருந்தால் மெலிந்த இடங்கள் கசிவாகத் தெரிந்திருக்கும். அது நடக்கவில்லை.

1857 ஆகஸ்ட் 5-ல் வலென்ஷியாவிலிருந்து முதல் முயற்சி. 11-ஆம் தேதி, 335 கடல் மைல் அளவு இறக்கிய பிறகு, பிரேக்கை நேரத்துக்குத் தளர்த்தாததால் கேபிள் அறுந்து ஆழத்தில் விழுந்தது. மீதியைக் கப்பல்களிலிருந்து இறக்கி, பிளிமத் அருகே கீஹாம் தளத்தில் குளிர்காலம் முழுக்கக் கிடத்தினார்கள். 1858-ல் மறுபடி கப்பலேற்றினார்கள். ஒவ்வொரு ஏற்றிறக்கமும் ஒரு வளைப்பும் ஒரு நிமிர்த்தலும். ஜூன் மாதப் புயலில் அகமெம்னான் கப்பலின் சுருள் சரிந்து சிக்கி, ஏறத்தாழ 100 மைல் கேபிளைப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த மாதமே நடுக்கடலில் இணைத்து இறக்கத் தொடங்கி மூன்று முறை கேபிளை இழந்தார்கள்.

ஜூலை 29-ல் நடுக்கடலில் மறுபடி இணைத்து, நயாகரா கப்பல் மேற்கேயும் அகமெம்னான் கிழக்கேயும் பிரிந்து சென்றன. கேபிளின் இழுவிசை கூடினால் தானே தளரும் புது பிரேக் இந்த முறை இருந்தது. இயந்திரப் பக்கத்தில் கற்றுக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மின்னியல் பக்கத்தில் அதே பழைய கேபிள்தான். கரையேறியபோதே அதில் கசிவு இருந்தது.

வலென்ஷியா அறையில்

தாம்சன் கிழக்கு முனையை எடுத்துவந்தது தன் கண்ணாடிக் கால்வனோமீட்டரோடு. மெல்லிய கண்ணாடித் துண்டின் முதுகில் ஒட்டிய சிறு காந்தங்கள், மொத்த எடை ஒரு கிரெயின் அளவு, அதாவது 65 மில்லிகிராம். ஒற்றைப் பட்டிழையில் கம்பிச்சுருளின் நடுவே தொங்கும். விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எதிரே உள்ள அளவுகோலில் ஒளிப்புள்ளியாக விழும். மின்னோட்டத்தின் திசைக்கேற்பப் புள்ளி இடமோ வலமோ நகரும். இடம் ஒரு குறி, வலம் மற்றொரு குறி. கண்ணாடி ஒரு பாகையில் சிறு பகுதி திரும்பினாலே புள்ளி தெளிவாக நகர்ந்துவிடும். மின்னோட்டம் முழு அளவுக்கு எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழத் தொடங்கும் போக்கையே கண் பிடித்துக்கொள்ளும். இதனால் சில டேனியல் மின்கலங்கள் போதுமாயின, கேபிளுக்கும் நோகவில்லை.

வைட்ஹவுஸ் பொறுப்பேற்றதும் தன்னுடைய கருவிகளை இணைத்தார். அனுப்ப, வோல்ட்டேஜை உயர்த்தும் ஐந்தடி நீளத் தூண்டு சுருள்கள், உச்சத்தில் ஏறத்தாழ 2,000 வோல்ட். வாங்க, காகிதத்தில் தானே பதியும் ரிலே. அந்த ரிலே இயங்கவே இல்லை. நாள்கணக்கில் இரு கரைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டது பெரும்பாலும் ‘திரும்ப அனுப்பு’, ‘மெதுவாக அனுப்பு’, ‘எப்படி வருகிறது?’ என்பவைதான். கடைசியில் செய்தியைப் படித்துத் தந்தது ஒளிப்புள்ளியே. ஆகஸ்ட் நடுவில் நிறுவனம் வைட்ஹவுஸை நீக்கியது, தாம்சன் மின்கலங்களுக்குத் திரும்பினார்.

2,000 வோல்ட் கேபிளுக்குள் என்ன செய்தது? கட்டா பெர்ச்சா முழுதாக இருந்த இடங்களில் பெரிதாக ஒன்றும் செய்திருக்காது, பல மில்லிமீட்டர் தடிப்பு அதைத் தாங்கும். கடத்தி ஓரம் ஒதுங்கி, காப்பில் ஊசித்துளை விழுந்து, கடல்நீர் தாமிரத்தைத் தொட்ட இடத்தில்தான் வேலை நடந்தது. துளையில் நிற்கும் உப்புநீரின் வழியே மின்னோட்டம் பாயும்போது அந்தச் சிறு நீர்ப்பகுதி கொதிக்கும், சுற்றியுள்ள கட்டா பெர்ச்சா இளகும், துளை அகலும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் மின்வேதியியல், இது குறைந்த வோல்ட்டேஜிலும் ஓயாது. தாமிரம் நேர்முனையாக இருந்தால் அது கரைந்து தாமிரக் குளோரைடு படியும். அந்தப் படிவு துளையைத் தற்காலிகமாக அடைத்து, கேபிள் தேறிவிட்டது போல் காட்டும். உள்ளே கம்பி அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். எதிர்முனையாக இருந்தால் ஹைட்ரஜன் குமிழி படிவைத் தள்ளிவிடும், கசிவு உடனே கூடும், ஆனால் கம்பி பிழைக்கும். பிற்காலக் கேபிள் நிலையங்கள் பழுதுள்ள தடத்தில் எதிர்முனையையே இணைத்து ஓட்டியது இதனால்தான். 1858 ஆகஸ்டில் காலையில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் கேபிள் மாறி மாறி நடந்துகொண்டதை, படிவு அடைப்பதும் திறப்பதுமாக விளங்கிக்கொள்ளலாம்.

அந்த நான்கு வாரத்திலும் கேபிள் ஒரு முறை தன் பயனைக் காட்டியது. ஆகஸ்ட் 31-ல் லண்டனிலிருந்து கனடாவுக்கு இரண்டு கட்டளைகள் போயின: 62-ஆவது, 39-ஆவது படைப்பிரிவுகள் இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டாம். இந்தியக் கிளர்ச்சிக்காக அழைக்கப்பட்டிருந்த படைகள் அவை. கிளர்ச்சி அடக்கப்பட்டுவிட்டதால் தேவையில்லாமல் போயின. மிச்சமான செலவு 50,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள்.

பழுது எங்கே?

செப்டம்பரில் தந்திப் பொறியாளர் கிராம்வெல் வார்லி வலென்ஷியாவுக்கு வந்து கேபிளை அளந்தார். முறை எளியது. கரையிலிருந்து பழுதுவரை உள்ள கம்பியின் மின்தடையோடு பழுதின் மின்தடையும் சேர்ந்து கருவியில் தெரியும். பழுதின் மின்தடை சுழியம் என்று கொண்டால் கிடைக்கும் தூரம் மேல்வரம்பு, உண்மைப் பழுது அதற்குள்ளேதான் எங்கோ. எடுத்துக்காட்டாக, 3,450 ஓம் வந்தால் 11.5 ஆல் வகுத்து 300 கடல் மைலுக்கு அப்பால் இல்லை என்று சொல்லலாம். வார்லி சொன்ன விடை: வலென்ஷியாவிலிருந்து 245-க்கும் 300-க்கும் இடைப்பட்ட மைலில் பெரும் பழுது.

இந்த வகுத்தலில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஓம் என்ற அலகு அப்போது கிடையாது. மின்தடையை ‘இன்ன கேஜ் தாமிரக் கம்பி இத்தனை மைல்’ என்று சொல்வார்கள். தாமிரத்துக்குத் தாமிரம் கடத்துதிறன் பெரிதும் மாறுவதை 1857-லேயே தாம்சன் அளந்து காட்டியிருந்தார். ஆர்செனிக் போன்ற கலப்பு சிறிதளவு இருந்தாலே போதும், கம்பி தடித்திருந்தும் மோசமாகக் கடத்தும். ஆக, அளவுகோலே ஆளுக்கு ஆள் வேறு. நியூஃபவுண்ட்லாந்தில் எடுத்த அளவையும் வலென்ஷியாவில் எடுத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சிரமம். பழுது தெரிந்தும் அதைத் தூக்கிச் சரிசெய்ய முடியவில்லை. அந்த ஆழத்திலிருந்து அவ்வளவு மெல்லிய கேபிளை இழுத்தெடுக்கும் கருவி யாரிடமும் இல்லை.

விசாரணை

1859-60-ல் செங்கடல் வழியாகக் கராச்சிவரை போட்ட இந்தியக் கேபிளும் செயலிழந்தது. அதற்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்ததால் நட்டம் பொதுப்பணத்தில் விழுந்தது. பிரிட்டிஷ் அரசின் வணிக வாரியமும் அட்லாண்டிக் நிறுவனமும் கூட்டாக அமைத்த குழு, கேப்டன் டக்ளஸ் கால்டன் தலைமையில் விசாரித்து 1861-ல் அறிக்கை தந்தது. உறுப்பினர்களில் வீட்ஸ்டோன், ஃபேர்பேர்ன், வார்லி, லாட்டிமர் கிளார்க் இருந்தார்கள். அதுவரை உலகில் போட்ட 11,364 மைல் கடலடிக் கேபிளில் ஏறத்தாழ 3,000 மைல் மட்டுமே வேலை செய்கிறது என்று குழு கண்டது. இந்த எண்ணைப் பார்த்தபிறகும் 1858 தோல்வியை ஒரு மனிதரின் கைப்பிசகு என்று சொல்வது பொருந்தாது. வைட்ஹவுஸ் தொடாத கேபிள்களும் செத்துக்கொண்டிருந்தன. தயாரிப்பு, சேமிப்பு, கையாளல், பிறகுதான் வோல்ட்டேஜ் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. என் மதிப்பீடும் அதே வரிசைதான்: 2,000 வோல்ட் சில வாரங்களையோ மாதங்களையோ குறைத்தது, கேபிளின் தலைவிதியை மாற்றவில்லை.

1865, 1866

கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் ஏறிய புதிய கேபிளில் கடல் மைலுக்கு 300 பவுண்டு தாமிரம், 400 பவுண்டு காப்பு. தாமிரத்துக்குக் கடத்துதிறன் வரம்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 75 பாகை ஃபாரன்ஹீட் (24 பாகை செல்சியஸ்) நீரில் 24 மணி நேரம் மூழ்கிய பின் அளக்கப்பட்டது. வெப்பநிலையை நிர்ணயித்தது வீண் கெடுபிடி இல்லை: கட்டா பெர்ச்சாவின் காப்புத்தடை வெப்பத்தோடு வேகமாகச் சரியும், வெப்பநிலை சொல்லாத அளவு பயன்படாது. கேபிள் வெயிலில் காயாமல் கப்பலின் நீர்த்தொட்டிகளிலேயே பயணம் செய்தது. அளந்த மதிப்புகள் கடல் மைலுக்கு 4.27 ஓம், 0.35 மைக்ரோஃபாரட். 1866 கேபிளின் நீளம் 1,852 கடல் மைல். பெருக்கினால் 5.1 விநாடி. 1856-ல் பிரைட் கேட்ட கேபிளுக்குக் கிட்டத்தட்ட அருகிலேயே வந்து நின்றார்கள், பத்து ஆண்டு கழித்து.

1865-ல் புதுவிதப் பழுது வந்தது. முறிந்த கவசக் கம்பித் துணுக்கு காப்பைத் துளைத்து உள்ளே செருகியது. கரையும் கப்பலும் ஓயாமல் அளந்துகொண்டிருந்ததால் ஒவ்வொரு முறையும் பழுது கப்பலைத் தாண்டிய சில மைலுக்குள்ளேயே பிடிபட்டது, பின்னே இழுத்து வெட்டிச் சேர்த்தார்கள். அப்படி இழுத்த ஒரு தடவையில்தான், ஆகஸ்ட் 2-ல், 1,200 மைலுக்கு அப்பால் கேபிள் அறுந்தது. 1866-ல் கவசக் கம்பிக்குத் துத்தநாகம் பூசினார்கள். இடைவிடாத சோதனைக்கு மின்பொறியாளர் வில்லபி ஸ்மித் ஒரு முறை வகுத்தார்: மிக உயர்ந்த மின்தடை வழியே கரை கேபிளோடு இணைந்திருக்கும், காப்புச் சோதனையை நிறுத்தாமலே கப்பலும் கரையும் பேசிக்கொள்ளலாம். இவ்வகைச் சோதனைக்கு உயர்மின்தடையாகப் பின்னாளில் செலினியம் குச்சிகளைப் பயன்படுத்தியபோதுதான் ஒளி பட்டால் அதன் மின்தடை குறைவது 1873-ல் வெளிப்பட்டது. ஒளிமின்கலங்களின் கிளை அங்கிருந்து தொடங்குகிறது.

1866 ஜூலை 27-ல் நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்டில் கேபிள் கரையேறியது. செப்டம்பர் தொடக்கத்தில் 1865 கேபிளின் அறுந்த முனையையும் கொக்கி போட்டுத் தூக்கி முடித்தார்கள். தொடக்கக் கட்டணம் 20 சொல்வரை 20 பவுண்டு, வேகம் நிமிடத்துக்கு எட்டுச் சொல் அளவு.

வோல்ட்டேஜ் வழக்குக்கு முடிவான சான்றும் அந்த இலையுதிர்காலத்தில்தான் வந்தது. லாட்டிமர் கிளார்க் இரண்டு கேபிள்களையும் நியூஃபவுண்ட்லாந்தில் ஒன்றாக இணைக்கச் சொன்னார். வலென்ஷியாவில் தையல் விரலுறை ஒன்றில் சில துளி அமிலமும் ஒரு துத்தநாகத் துண்டும் போட்டு மின்கலம் செய்தார். ஒரு வோல்ட் அளவுதான். அது அட்லாண்டிக்கைக் கடந்து மறு கேபிள் வழியே திரும்பி வந்து, ஒளிப்புள்ளியைப் படிக்கும்படி நகர்த்தியது. பிரிட்டிஷ் சங்கத்தின் மின்தடைக் குழு, தாம்சனின் தூண்டுதலில் 1861-ல் தொடங்கியது, 1865-ல் தன் திட்ட மின்தடைச் சுருள்களை வெளியிட்டிருந்தது. அதன்பின் ஒரு கரையில் எடுத்த அளவைப் பார்த்து மறுகரையில் உள்ளவர் பழுதின் மைலைக் கணக்கிட முடிந்தது, பழுதுபார்க்கும் கப்பலும் நேரே அந்த இடத்துக்குப் போய்க் கொக்கியை இறக்க முடிந்தது.